எடை குறைந்த மேனேஜர்

ஓணாங்குளம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்த கலவரத்தில் முதல் ரத்தம் கவுண்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் தங்கச்செல்வியின் இடது புருவத்திலிருந்து வந்தது. அடித்தவர் ஒச்சம்மாள். ஆயுதம், காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின். சங்கத்துக்குச் சொந்தமானது, பழைய காலத்து இரும்பு, நல்ல கனம்.

ஒச்சம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய மிளகாய்ச் செடிகள் முழங்கால் உயரம் வந்து வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதியாமல் விட்டுச் செடி காய்ந்தால் சல்லிக்காசு வராது. விடிந்ததும் பஸ் ஏறி வந்து கவுண்டர் முன்னால் நிற்பதும், பொழுது சாய்ந்து வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தார். அவரைப் போலவே ஊர் ஊராக வந்தவர்கள் வாசல் வேப்பமரம் வரை நின்றார்கள்.

சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் கிழடு. மேலிடத்து உத்தரவுப்படி அவற்றில் புதிய சாஃப்ட்வேர் ஏற்றியதிலிருந்து, பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு கிடந்தன. எதைத் தொட்டாலும் திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இது என்னத்தா சுத்துது?" என்று கேட்டார் ஒச்சம்மாள்.

"யோசிக்குது பெரிம்மா."

"எம்மகளுக்கு மாப்பிள்ள பாக்கக்கூட நான் இம்புட்டு யோசிக்கலயே!"

அப்போதுதான் பஞ்சிங் மெஷின் பறந்தது. குறி கம்ப்யூட்டருக்கு. பட்டது தங்கச்செல்விக்கு.

பந்தல்குடியில் தையல் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒப்பந்தப் பணியாளர் மண்டை உடைந்தால் எத்தனை நாள் லீவு என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. நேரே மேனேஜர் இருளப்பசாமியின் அறைக்குப் போனாள்.

இருளப்பசாமி சங்கத் தலைவர் பால்சாமியின் மச்சான். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. அவர் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள் சங்கத்தில் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் செத்துப்போனார்.

"சார், இப்படியே போனா நாளைக்கு எவனாவது அருவாளோட வருவான்," என்றாள் தங்கச்செல்வி. "நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பெரிய சாஃப்ட்வேர எடுத்துட்டு, லைட்வெயிட்டா ஒரு விண்டோ மேனேஜரப் போட்ருவோம். எல்லாம் பறக்கும்."

இருளப்பசாமி வடையை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன மேனேஜரு?"

"விண்டோ மேனேஜர் சார். எடையே இருக்காது. இப்ப இருக்கறது ரொம்ப வெயிட்டு. சும்மா உக்காந்து எடத்த அடைச்சுக்கிட்டு, எல்லா மெமரியையும் தின்னுக்கிட்டு இருக்கு. ஒரு வேலையும் நகர மாட்டேங்குது."

அவள் கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில், அந்த நேரத்தில், அந்த வடைக்கு முன்னால் சொன்னாள். டீ டம்ளர் அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது.

"எம்மூஞ்சிக்கு நேரா சொல்றியா? ஏன்டி, எனக்குப் பதிலா ஒல்லியா ஒருத்தனக் கொண்டாரப் பாக்குறியா?"

"அய்யோ சார், அது ஆளு இல்ல..."

"ஆளு இல்லாம எவன்டி மேனேஜரு?"

அவர் போனில் "அத்தான்!" என்று கத்தியது வாசல் வேப்பமரம் வரை கேட்டது. மரத்தடியில் நின்றவர்களுக்கு மீதியும் கேட்டது. சாயங்காலத்துக்குள், சங்கத்தில் சன்னல் மேனேஜர் என்று ஒரு புதிய போஸ்டிங் வரப்போகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவசர நிர்வாகக் குழு கூடியது. தலைவர் பால்சாமி மேலத்தெரு. துணைத் தலைவர் சோலைச்சாமி கீழத்தெரு. மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து ஒரு காரியம் செய்ததாக ஊரில் எந்தச் சான்றும் இல்லை. புருவக் கட்டோடு தங்கச்செல்வி கதவோரம் நின்றாள்.

பால்சாமி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நம்ம சங்கத்துக்கு ஒரு பாரம்பரியம் இருக்கு. விவசாயி நிக்கணும், நாம உக்காரணும். இத்தன வருசத்துல அது ஒருநாளும் மாறுனதில்ல. இப்ப ஒரு புதுப் பதவி வருது. வரவேற்கிறேன். மேனேஜருக்குக் கீழதான் அவன் இருப்பான். வேல என்னான்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நானும் தலைவரானப்ப வேல என்னான்னு தெரிஞ்சா வந்தேன்? எந்தங்கச்சி மகன் தனுஷ் இருக்கான். பட்டம் வாங்கிட்டு சும்மா இருக்கான். சும்மா இருக்கறதுல அவனுக்கு நாலு வருச அனுபவம்."

"தலைவரே," என்று குறுக்கிட்டாள் தங்கச்செல்வி, "விண்டோ மேனேஜர்ங்கறது ஒரு புரோகிராம். ஸ்கிரீன்ல ஜன்னல் மாதிரி கட்டம் கட்டமா தொறக்குதுல்ல, அதுகள ஒழுங்கா வரிசைப்படுத்துறது..."

"ஏ பிள்ள, குழுவுல பேச ஒனக்கு உரிமை கிடையாது. வரிசைப்படுத்துறதுன்னா வாட்ச்மேன் வேலைதான? அதான் தனுஷ் பாப்பான்னு சொல்றேன்."

சோலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். குழுக் கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டினால் கருத்துச் சொல்லப்போகிறார் என்று பொருள்.

"மேனேஜரு ஒங்க மச்சான். உரக் குடோனு ஒங்க சித்தப்பன் மகன். சன்னலும் ஒங்களுக்கா? என் மருமகன் நாகராஜ் ஒல்லிக்குன்னே பொறந்தவன். காத்தடிச்சா வீட்டுக்குள்ள கூப்புட்டுருவோம். எடை கொறைஞ்ச மேனேஜர்னு அந்தப் பிள்ளையே சொல்லிருச்சு. நிறுத்துப் பாருங்க!"

"நிறுக்கிறதுக்கு அவன் என்ன வத்தலாடா?"

"எவன்டா டா?"

முதலில் தண்ணீர் ஜக்கு போனது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்த இருளப்பசாமியின் நெற்றியைப் பிளந்தது. பால்சாமியின் மோதிரம் சோலைச்சாமியின் முன்பல் இரண்டைக் கழற்றியது. சோலைச்சாமி மிச்சமிருந்த பற்களால் பால்சாமியின் காதைக் கவ்வினார். விலக்கப் போன உறுப்பினர் இம்மானுவேல், இரண்டு தெருவையும் சேராதவர் என்பதால், இரண்டு தரப்பும் அவரைத் தாராளமாக அடித்தன. ரத்தம் தீர்மானப் புத்தகத்தில் சொட்டிய பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பதாரர்கள் இருவரையும் உரக் குடோன் தராசில் நிறுப்பது, எடை குறைந்தவருக்கே பதவி.

பிறகு குழு முழுவதும் ஒரே லோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

அலுவலகம் அமைதியானது. தங்கச்செல்வி கவுண்டருக்கு வந்து பார்த்தாள். வரிசை அப்படியே நின்றது. ஒச்சம்மாள் முதல் ஆளாக நின்றார், அவள் புருவத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு.

"வலிக்குதாத்தா?"

"வலிக்குது பெரிம்மா."

"எங்கையி வெளங்காமப் போக."

தங்கச்செல்வி கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். பாளையம்பட்டியில் அவள் வீட்டிலிருந்த ஓட்டை லேப்டாப்பில் ஒருமுறை செய்து பார்த்த வேலை. அப்போது யாரும் அடிக்க வரவில்லை. அதனால் சுலபமாக இருந்தது. பழைய சாஃப்ட்வேரை அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, அழித்தால் வேலை போகும், அழிக்காவிட்டால் இன்னொரு புருவம் போகும் என்று தோன்றியது. ஆமாம் என்று அழுத்தினாள்.

பழையதன் இடத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏறியது. ஆனால் நெட் வரவில்லை. அதற்கான டிரைவர் என்ற துணைப் புரோகிராமைப் போன் வழியாக இறக்கி ஏற்றினாள். பிறகு ஓப்பன்பாக்ஸ் என்ற அந்தச் சின்ன விண்டோ மேனேஜரை நிறுவினாள். வந்தது ஒரு சாம்பல் நிறத் திரை. நடுவில் ஓர் அம்புக்குறி. வேறு ஒன்றுமே இல்லை. படம் இல்லை, பட்டன் இல்லை, சுற்றுகிற வட்டமும் இல்லை. அறுவடை முடிந்த கரிசல் காடு மாதிரி கிடந்தது.

"போச்சா?" என்று கேட்டார் ஒச்சம்மாள்.

"இல்ல பெரிம்மா. இனிமேத்தான் நாம சொல்லிக் குடுக்கணும்."

வலது பட்டனை அமுக்கினால் வருகிற பட்டியலை அவளே எழுதினாள். அதில் மூன்று வரிதான்: பயிர்க் காப்பீடு, பிரிண்டர், கம்ப்யூட்டரை அணை. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் காப்பீட்டுப் பக்கம் தானாகத் திறந்து திரை முழுவதும் நிற்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரியில் ஒரு குறியை மூடாமல் விட்டதால் திரை வெறும் கறுப்பாகி நின்றது. வியர்வை புருவத் தையலில் இறங்கி எரிந்தது. வரிவரியாகத் தேடி, விட்ட குறியைப் போட்டு, மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டாள்.

காப்பீட்டுப் பக்கம் வந்து நின்றது. சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி, சட்டென்று.

ஒச்சம்மாளின் பெயர், சர்வே எண், ஆதார், கைரேகை. பிரிண்டர் ரசீதைத் துப்பியது. ஒச்சம்மாள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். சந்தோஷமா கோபமா என்று தெரியாத குரல். "இம்புட்டுக்கா எங்கள நாய் மாதிரி நிக்க வச்சாய்ங்க?"

வரிசை நகர ஆரம்பித்தது. வேப்பமரத்தடி பாதி காலியான நேரத்தில் இருளப்பசாமி நெற்றிக் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கூட்டம் குறைவதைப் பார்த்ததும் ஏதோ தவறு நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"வேல நடக்குது சார்."

அவர் திரையைப் பார்த்தார். "தலைவர் போட்டோ எங்க? சங்கச் சின்னம் எங்க? கம்ப்யூட்டர அம்மணமா விட்ருக்க?"

"அதெல்லாம் எடுத்ததாலதான் சார் ஓடுது. இதுதான் நான் சொன்ன விண்டோ மேனேஜர்."

இருளப்பசாமி குனிந்து திரைக்குப் பின்னால் பார்த்தார். "எங்க இருக்கான்?"

"கண்ணுக்குத் தெரியாது சார். பின்னால இருந்து வேல பாக்கும்."

அவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. "கண்ணுக்குத் தெரியாம வேல பாக்குறவன் மேனேஜரா? வேல பாக்காம கண்ணுக்குத் தெரியறவன்தாண்டி மேனேஜரு. அந்த நாற்காலியில நான் எதுக்கு உக்காந்திருக்கேன்? என்னால வேல பாக்க முடியாதுன்னா நெனைக்கிற? மரியாதைக்காகப் பாக்காம இருக்கேன்!"

சொல்லிவிட்டு அவர் குடோனுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரை ஒரே குத்தில் பிளந்தார். அடுத்ததையும் பிளந்தார். இரண்டிலும் சங்கச் சின்னமும் தலைவர் படமும் இருந்தன என்பதை அவர் கவனிக்கவில்லை. மூன்றாவதற்கு வந்தபோது மூச்சு வாங்கியது. தங்கச்செல்வி சிபியூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கடப்பாரையின் பின்முனை அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கம்ப்யூட்டர் உடைந்த சத்தத்தைவிடச் சின்னதாக இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் பாய்ந்து வந்து இருளப்பசாமியைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கையில் மாவுக்கட்டோடு தங்கச்செல்வி வந்தாள். வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், அன்று சாயங்காலம் காப்பீட்டுப் பக்கம் மூடிவிடும். ஒற்றைக் கையால் தட்டினாள். பொத்தான் குறைவான திரை என்பதால் ஒற்றைக் கை போதுமாயிருந்தது.

வெளியே குடோன் முற்றத்தில் தராசு வைத்தார்கள். இரும்புப் பலகையும் சிவப்பு எண் ஒளிரும் பெட்டியுமாக, உரமும் வத்தலும் பருத்தியும் நிறுக்கும் அதே தராசு. மேலத்தெருவும் கீழத்தெருவும் கம்போடு திரண்டு நின்றன. பதிவுக்கு வந்த விவசாயிகளும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ரசீது வாங்கிப் போன ஒச்சம்மாளும் தங்கச்செல்விக்குத் தூக்குவாளியில் கம்பங்கூழ் கொண்டுவந்து, கூட்டத்தின் முன்னால் நின்றார்.

தனுஷ் செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு ஏறினான். ஐம்பத்திரண்டு. மேலத்தெரு விசிலடித்தது. நாகராஜ் ஏறினான். அவன் விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். ஐம்பத்தெட்டு.

கூட்டம் எண்ணையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தது. காற்றில் ஆடுகிற பையன் ஐம்பத்தெட்டு.

சோலைச்சாமி முன்பல் இல்லாத வாயால் கத்தினார். "மோசடி! தனுஷுக்கு வாங்குற பட்டனப் போட்டீங்க, நாகராஜுக்கு விக்கிற பட்டனப் போட்டுட்டீங்க!"

"வாய மூடு," என்றார் பால்சாமி.

"ஏன் மூடணும்? வத்தல் வாங்கும்போது கொறைச்சுக் காட்ட ஒரு பட்டன், ஒரம் விக்கும்போது கூட்டிக் காட்ட ஒரு பட்டன், எனக்குத் தெரியாதா? ஒரே பட்டன்ல ரெண்டு பேரையும் நிறுங்க! நியாயம்னு ஒண்ணு வேணாமா?"

"நியாயத்தப் பத்தி நீ பேசுறியா? அந்தப் பட்டன் வைக்கச் சொன்னதே நீதானடா! மூட்டைக்கு ஒனக்கு ஒரு பங்குன்னு வாங்கித் தின்னவன்தான!" பால்சாமி காதுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தலைவருக்குரிய கம்பீரத்தோடு கையை உயர்த்தினார். "மக்களே, பதறாதீங்க. இந்தத் தராசு விவசாயியத் தவிர வேற எவனையும் ஏமாத்துனதில்ல. ஆபீஸர் வந்து சோதிச்சா அணு பிசகாமக் காட்டும். இந்தத் தராச நம்பி இந்தச் சங்கம் எத்தன வருசமா நடக்குது! அப்பேர்ப்பட்ட தராச இவன் அவமதிக்கிறான்!"

அவர் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதை அவரே கேட்டார். கை உயர்ந்தபடியே நின்றது.

ஒச்சம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பட்டனு?" என்றார்.

சோலைச்சாமி பால்சாமியைப் பார்த்தார், பால்சாமி தராசைப் பார்த்தார்.

"எம்புருசன் செத்த வருசம், வத்தல் எட கொறையுதுன்னு சொன்னதுக்கு, 'நீதான்டி வழியில வித்துத் தின்னுருப்ப'ன்னு இதே எடத்துல வச்சுச் சொன்னீங்களே. அது எந்தப் பட்டனு?"

அதற்குப் பிறகு மேலத்தெருவும் இல்லை, கீழத்தெருவும் இல்லை. ஒரே ஊர்தான் இருந்தது. குடோன் வாசலில் கிடந்த பழைய எடைக்கல்லை ஒச்சம்மாள் எடுத்து வீச, அது பால்சாமியின் பாதத்தில் விழுந்தது. அவர் ஒற்றைக் காலில் ஓடினார். சோலைச்சாமி தராசுக்கு அடியில் ஒளியப் பார்த்தார். தராசோடு தூக்கி எறியப்பட்டார். விழுந்த வேகத்தில் சிவப்பு எண்கள் ஏதேதோ காட்டி அணைந்தன. ஒருவரையொருவர் குத்த வந்த தனுஷும் நாகராஜும் கையைக் கோத்துக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் ஓடினார்கள். உர மூட்டைகள் கிழிந்து முற்றம் வெள்ளையானது. குடோன் ஓடுகள் நொறுங்கின. கற்கள் அலுவலகத்துக்குள் விழத் தொடங்கின.

தங்கச்செல்வி மேசைக்கு அடியில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே, அதே மேசைக்கு அடியில், திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆதார் கார்டை நீட்டினார். "என்னது மட்டும் பதிஞ்சுரு தாயி. அடிக்கப் போகணும்." பதிந்தாள். அவர் ரசீதை மடியில் செருகிக்கொண்டு அடிக்கப் போனார். அடுத்தவர் தவழ்ந்து வந்தார்.

இருளப்பசாமி தன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கதவு பிளந்ததும் பின்பக்கச் சன்னல் வழியாக வெளியேற முயன்றார். தலையும் தோளும் போயின. வயிறு போகவில்லை. உள்ளே இருந்தவர்கள் கம்பால் அடித்தார்கள், வெளியே இருந்தவர்கள் செருப்பால் அடித்தார்கள். போலீஸ் வந்து சன்னல் சட்டத்தை அறுத்துத்தான் அவரை இறக்கினார்கள். சட்டம் இடுப்பில் மாட்டியபடியே ஆம்புலன்சில் ஏறினார்.

சாயங்காலம் காவல் நிலையத்தில் தங்கச்செல்வியை உட்கார வைத்தார்கள். கைப்பற்றப்பட்ட பொருளாக அவளுடைய சிபியூ மூலையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் களைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில மூணு பேரையும் தனித்தனியா விசாரிச்சேன். தலைவர், துணைத் தலைவர், மேனேஜர். மூணு பேரும் ஒரே வாக்குமூலம். அந்த விண்டோ மேனேஜர் வந்த பின்னாடிதான் எல்லாம் ஆரம்பிச்சதாம். அவன்தான் முதல் குற்றவாளி, தலைமறைவு. நீ அடைக்கலம் கொடுத்தவ. ஆளு எப்படி இருப்பான், சொல்லு."

"சார், அது ஆளு இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அடையாளம் சொல்லு."

தங்கச்செல்விக்கு மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. நான்கு நாளாக எல்லோரிடமும் சொல்லிச் சலித்துவிட்டது.

"ரொம்ப லேசா இருப்பாரு சார். சத்தம் போட மாட்டாரு. சொன்னத மட்டும் செய்வாரு. யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சங்கத்து ஆபீஸ்ல அப்படி ஒருத்தன் இருந்தான்னு கோர்ட்டுல சொன்னா நம்புவாங்களா? உண்மையச் சொல்லும்மா."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி முதல் தகவல் அறிக்கையைத் தட்டத் தொடங்கினார். குற்றவாளி பெயர் என்ற கட்டத்தில் நான்கு எழுத்து ஏறியது. பிறகு திரை உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் காத்திருந்தார். மவுஸை அசைத்தார். கம்ப்யூட்டரின் தலையில் ஒரு அறை விட்டார். வட்டம் சுற்றியது.

"சனியன், தினமும் இதே எழவு," என்றார். அறையில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளதான? இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

தங்கச்செல்வி அந்த வட்டத்தைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது சார்," என்றாள்.

அறிக்கை ஏறாததால் அன்று அவளைக் கைது செய்ய முடியவில்லை. மறுநாள் காலை வரச் சொல்லி அனுப்பினார்கள். அவள் பாளையம்பட்டிக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். உள்ளே இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரை அடிக்கும் சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது.